தாத்தாவின் பீரோவும் சீரியல் சம்பளமும்

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். சென்னையில் ஒரு சீரியலில் உதவி இயக்குநராக இருக்கிறேன். மாதம் 35,000 ரூபாய் பேசியிருக்கிறார்கள். 3,500 டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதி வரும். வரிதான் பிடித்துவிடுகிறார்களே என்று ரிட்டர்ன் எதுவும் இதுவரை போட்டதில்லை.

இரண்டு வருடமாக இன்ஸ்டாகிராமில் பழைய புத்தகங்களும் விற்கிறேன். தாத்தா தமிழாசிரியர். அவர் காலமானபோது இரண்டு பீரோ நிறையப் புத்தகங்கள் இருந்தன. அதிலிருந்து ஆரம்பித்து, பிறகு நானே வெளியில் வாங்கியும் விற்கிறேன். ஒரு வக்கீல் வீட்டு நூலகத்தை மொத்தமாக 85,000-க்கு எடுத்தேன். அதில் 600 புத்தகம் இன்னும் சாக்கில்தான் இருக்கிறது. பழைய சினிமா போஸ்டர்களும் கொஞ்சம் விற்பேன், பெங்களூர், கொச்சி வரை அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு வருடக் கணக்கு இது: மொத்த விற்பனை 6,20,000 (தாத்தா புத்தகங்கள் மட்டும் 3,90,000). வாங்கியது 2,45,000. தபால், பேக்கிங், போக்குவரத்து 38,000. திருப்பிக் கொடுத்தது 9,000. முதல் பதிப்பு என்று நான் விற்ற ஒன்று இரண்டாம் பதிப்பு என்று திரும்பி வந்தது. மிச்சம் 3,28,000, அதாவது மாதம் 13,600 சொச்சம். விற்காமல் கிடப்பது வாங்கிய விலைக்கு 1,10,000 இருக்கும். ஷூட்டிங் போக மிஞ்சிய நேரத்திலேயே இவ்வளவு என்றால், முழுநேரமாகச் செய்தால் மூன்று மடங்கு வரும், சீரியல் சம்பளத்தைத் தாண்டிவிடும் என்று தோன்றுகிறது. மாமா 5 லட்சம் கடனாகத் தருகிறேன், கடை போடு என்கிறார். வேலையை விடலாமா?

தாத்தாவிடம் இருந்த ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் நல்ல விலை சொல்கிறார். கொடுக்கலாமா? எங்கள் சீரியலிலேயே வக்கீல் ஆபீஸ் செட்டுக்கு என்னிடம் 40 புத்தகம் வாங்கிப்போய் 37-ஐத்தான் திருப்பித் தந்தார்கள். அதற்கு என்ன செய்வது? அத்தை வேறு "அப்பா புத்தகமெல்லாம் என்னாச்சு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வேலையை இப்போது விடாதீர்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நீங்கள் அனுப்பிய கணக்கே அப்படித்தான் சொல்கிறது. நல்லவேளையாகத் தாத்தா புத்தகங்களின் விற்பனையைத் தனியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். இந்த மாதிரி சின்ன வியாபாரம் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. ஜிபே ஸ்டேட்மெண்டைப் பிரிண்ட் எடுத்து வந்து ஆடிட்டரான என் மேசைமேல் போட்டு, "சார், இதுதான் கணக்கு" என்பார்கள்.

உங்கள் 6,20,000-ல் 3,90,000 தாத்தாவின் பீரோவிலிருந்து வந்தது. அந்தப் புத்தகங்களுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. அதனால் விற்ற விலை முழுவதும் லாபம் போலத் தெரிகிறது. வீட்டு நகையை விற்று வந்த பணத்தை யாரும் சம்பாத்தியம் என்று சொல்ல மாட்டோம், இல்லையா? இதுவும் அதே கதைதான். அந்த பீரோ காலியான பிறகு, இலவசமாக இன்னொரு பீரோ வரப்போவதில்லை.

சரி, அதை ஓரமாக வைத்துவிட்டு, நீங்களே வாங்கி விற்றதை மட்டும் பார்ப்போம். விற்பனை 2,30,000. வாங்கியது 2,45,000, அதில் 1,10,000 இன்னும் உங்கள் அறையில் இருக்கிறது. ஆக, விற்றுப்போன சரக்கின் அடக்கம் 1,35,000. வித்தியாசம் 95,000. தபால், பேக்கிங், போக்குவரத்து, திருப்பிக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து 47,000 போனால் மிச்சம் 48,000. இரண்டு வருடத்துக்கு. மாதம் 2,000 ரூபாய். தபால் செலவில் பாதி தாத்தா புத்தகங்களுக்குப் போனது என்று தாராளமாக ஒதுக்கினாலும் 67,000, மாதம் 2,800-ஐத் தொடாது. இதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். சென்னையில் அறை வாடகைக்கே காணாது.

இதைப் படித்ததும் மனசு விட்டுப்போகும். ஆனால் அதே எண்களுக்குள் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 1,35,000-க்கு வாங்கியதை 2,30,000-க்கு விற்றிருக்கிறீர்கள். எதை எடுக்கலாம், என்ன விலை சொல்லலாம் என்று உங்களுக்குத் தெரிகிறது. தாத்தா வீட்டில் வளர்ந்ததால் வந்த கண்ணாக இருக்கலாம். குறை விற்பதில் இல்லை, வாங்குவதில். பழைய புத்தக வியாபாரத்தில் காசு வாங்கும்போதே வந்துவிட வேண்டும். விற்கும்போது அது கையில் தெரியும், அவ்வளவுதான்.

வாங்குவது நாளுக்கு நாள் கடினமாகிறது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகளிலும், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலும் முன்பு பத்து ரூபாய்க்குப் பொக்கிஷம் எடுத்தவர்கள் உண்டு. இன்று பழைய பேப்பர் கடைக்காரரே போனில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி விலை கேட்கிறார். முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது என்பதும், அந்தக் காலத்து இதழ்களைத் தேடி அலைகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதும் இப்போது அவருக்கும் தெரியும். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் மறுபதிப்புகள் மலிந்து கிடக்கின்றன. அங்கே பழைய பதிப்பு மட்டும்தான் விலை போகும். அதனால்தான் முதல் பதிப்பு என்று நீங்கள் எழுதுகிற இரண்டு சொல்லுக்கு அவ்வளவு கனம். பதிப்பு விவரம் இருக்கிற பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். அந்தப் பக்கம் கிழிந்திருந்தால் "பதிப்பு விவரம் இல்லை" என்று எழுதுங்கள், ஊகிக்காதீர்கள். 9,000 ரூபாயோடு போனது உங்கள் அதிர்ஷ்டம்.

மறுபதிப்பு தொட முடியாத சரக்கு ஒன்று நம்மிடம் உண்டு. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்ட் செய்த தொகுதிகள். கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு தைத்து வைத்த கட்டுகளை இன்றும் ஆட்கள் தேடுகிறார்கள். உங்கள் தாத்தாவின் பீரோவிலும் இப்படிச் சில இருந்திருக்கும். இவற்றை விற்கும்போது பார்க்க வேண்டியது அட்டையை இல்லை, ஓரத்தை. பைண்டர் கத்தியை ஓட்டியபோது படத்தின் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறதா, நடுவே எந்த வாரமாவது விட்டுப்போயிருக்கிறதா, கோதுமைப் பசைக்கு வந்த ராமபாணப் பூச்சி முதுகிலிருந்து உள்ளே எத்தனை பக்கம் துளைத்துப் போயிருக்கிறது, இதையெல்லாம் எழுதிவிட்டு விலை சொல்லுங்கள். குறையை நீங்களே சொன்னால் வாங்குகிறவர் பேரம் பேசுவது குறையும். ஆடிட்டராக மட்டும் இல்லை, இப்படி வாங்கி அடுக்குகிறவனாகவும் சொல்கிறேன்.

அப்புறம் அந்த வக்கீல் வீட்டு நூலகம். 85,000-ஐப் புத்தகங்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒரு புத்தகம் இவ்வளவு என்று போட்டிருந்தால் கணக்கு தப்பு. அந்த வீட்டில் நீங்கள் பணத்தை எடுத்து நீட்டியது ஒரு இருபது, முப்பது புத்தகத்தைப் பார்த்துத்தான். மற்றவை கூடவே வந்தவை. எனவே ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போகும் என்று மதிப்பிட்டு, அந்த விகிதத்தில் 85,000-ஐப் பிரியுங்கள். பெரும்பகுதி அந்த முப்பதின் தலையில் விழும், சாக்கில் இருப்பதற்குச் சொற்பம்தான் வரும். கையிருப்பை மதிப்பிடும்போது வாங்கிய விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நீங்கள் சொன்ன 1,10,000 இன்னும் இறங்கக்கூடும். இறங்கினால் மாதம் 2,000 என்று நான் சொன்னதும் இறங்கும். ஒரு நோட்டுப் போடுங்கள், ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி: எங்கே வாங்கியது, என்ன அடக்கம், எந்தத் தேதி, எவ்வளவுக்குப் போனது. எக்செல் வேண்டுமென்பதில்லை, நீள நோட்டே போதும்.

இனி அத்தை. நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரியாகப் பட்டது. தாத்தா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்து பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்காகப் போகும். உங்கள் அப்பா இருக்கும்வரை பேத்தியான உங்களுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. பாட்டி இல்லை, அப்பாவும் அத்தையும் மட்டும்தான் வாரிசு என்றால், அந்த 3,90,000-ல் பாதி அத்தையுடையது. பழைய புத்தகம்தானே என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்ஸ்டாகிராமில் விலையோடு படம் வந்த பிறகு கேட்காமல் இருப்பார்களா?

இதை வக்கீல் நோட்டீஸ் வரை விடாதீர்கள் அம்மா. நேரே அத்தை வீட்டுக்குப் போய், எதை எவ்வளவுக்கு விற்றேன் என்று பட்டியலைக் கொடுங்கள். தூசி தட்டி, விவரம் எழுதி, பேக் செய்து அனுப்பிய உழைப்புக்கு ஒரு பங்கு உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டும். அது எவ்வளவு என்று அப்பா முன்னிலையில் பேசி முடியுங்கள். அத்தை "எனக்கு எதுவும் வேண்டாம்" என்றே சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் புத்தகங்களை விற்பதும் அதற்குப் பிறகுதான்.

விற்பதற்கு முன் இன்னொன்று. மீதியில் தமிழ் இலக்கண நூல்கள், பள்ளிப் பாடநூல்கள், சிறுபத்திரிகைகள் என்று ஒரே துறையில் நிறைய இருந்தால், உதிரியாக விற்காமல் பட்டியல் போட்டு ஏதாவது ஆய்வு நூலகத்தில் கேளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் காலமான பிறகு, அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததைச் சிதறவிடாமல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்ததற்கு அதுதான் அடித்தளம். உங்கள் தாத்தாவின் பீரோ அந்த அளவுக்கு இருக்காது. ஆனாலும் ஒரு தமிழாசிரியர் நாற்பது வருடம் தேடிச் சேர்த்ததற்குத் தொகுப்பாக ஒரு மதிப்பு இருக்கும்.

ஓலைச்சுவடிக்கு வருகிறேன். அந்த வெளிநாட்டுக்காரருக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள், விற்பனைக்கு இல்லை என்று. 1972-ம் வருடப் பழம்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 75 வருடத்துக்குக் குறையாமல் பழையதாக இருந்தால் அது பழம்பொருள். மற்ற பொருட்களுக்கு 100 வருடம், சுவடிக்கு 75-தான். தாத்தாவுக்கு அவர் முன்னோரிடமிருந்து வந்த ஏட்டுக்கட்டு இந்த வரம்பைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று வருடம் வரை போகக்கூடிய சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. உள்ளூரில் வியாபாரமாக விற்பதற்கும் உரிமம் வேண்டும். "கைவினைப் பொருள் என்று எழுதி கூரியரில் போடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று அவர் சொன்னால், மாட்டப்போவது நீங்கள்தான்.

அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் யாராவது படிக்கட்டும். ஜாதகக் கட்டாகவோ நிலக் கணக்காகவோ இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். உ.வே.சா. 1880-ல் கல்லூரி வேலையில் சேர்ந்து, ஏடுகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊர்ப்பக்கம் உங்களுடையது. ஊருக்குப் போகும்போது தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் காட்டலாம். சென்னையிலேயே என்றால் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. நூறு வருடம் தாண்டிய அச்சுப் புத்தகங்களை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன்பும் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள். எண்பதுகளின் காமிக்ஸுக்கு இந்தக் கவலை இல்லை.

இப்போது டிவி பணம். 35,000-க்குச் சரியாக 3,500 பிடிக்கிறார்கள் என்றால் பத்து சதவீதம். அப்படியானால் கம்பெனி உங்களைச் சம்பளக்காரர் என்று எழுதவில்லை, தொழில்முறைக் கட்டணம் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் சம்பளம் என்று சொல்கிறீர்கள். அவர்கள் புத்தகத்தில் அது ஃபீஸ். இதனால் சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கிற 75,000 நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) உங்களுக்குக் கிடையாது. பதிலுக்கு, வேலைக்காகச் செய்த செலவைக் கழிக்கலாம். இரவு ஷூட்டிங் முடிந்து போகிற ஆட்டோ, போன் பில் எல்லாவற்றுக்கும் ரசீது சேர்த்து வையுங்கள்.

வருடத்துக்கு 42,000, இரண்டு வருடத்தில் 84,000 ரூபாய் உங்கள் பெயரில் வரித்துறையிடம் இருக்கிறது. வரி பிடித்ததோடு கதை முடியவில்லை. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரையிலும், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 7 லட்சம் வரையிலும் வருமானம் இருந்தால், தள்ளுபடி போக வரி கிடையாது. தாத்தா புத்தகப் பணம் முழுவதையும் வருமானமாகச் சேர்த்தாலும், நீங்கள் சொன்ன எண்களுக்குச் சராசரியாக வருடம் 7 லட்சத்தைத் தாண்டவில்லை. ரிட்டர்ன் போட்டால் பிடித்தது திரும்ப வரும். புத்தகத்தில் இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்து வந்த 48,000-ஐவிட, போடாமல் விட்ட ரிட்டர்னில் கிடக்கும் பணம் அதிகம் என்பதைக் கவனித்தீர்களா?

நிதியாண்டு முடிந்த பிறகு வருகிற டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம், அபராதக் கட்டணம் உண்டு. அதையும் தாண்டிப்போன வருடத்துக்கு, பின்னால் போடுகிற "அப்டேட்டட் ரிட்டர்ன்" வழியாக ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். கிடைக்கும், ஆனால் நடையாக நடக்க வேண்டியிருக்கும். இந்த வாரமே வரித்துறைத் தளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டு, உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பிடித்தேன் என்று சொன்ன கம்பெனி அதைக் கட்டியிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். கட்டாத கம்பெனிகளும் இந்தத் தொழிலில் உண்டு. சின்ன வியாபாரத்துக்கு விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். உங்களைப் போலத் தொழில்முறைக் கட்டணமும் வியாபாரமும் கலந்திருக்கும்போது அந்தக் குறுக்குவழி பொருந்தாமல் போகலாம். நேரில் ஒரு ஆடிட்டரிடம் காகிதங்களைக் காட்டி முடிவு செய்யுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போஸ்டர் என்று எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கும் வார, மாத இதழுக்கும் வரி இல்லை. இருந்தாலும் அந்த விற்பனையும் உங்கள் மொத்த விற்றுமுதலில் சேரும். டிவி கட்டணமும் சேரும். இரண்டும் கூடி வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு, நீங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள். சினிமா போஸ்டர் மட்டும் வேறு ஜாதி. அது வரி உள்ள சரக்கு, வரியுள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். பெங்களூருக்கும் கொச்சிக்கும் போஸ்டர் அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் புத்தகமா, மடித்த துண்டறிக்கையா என்று கேட்டால் அதற்கு ஒரு முழுக் கடிதம் எழுத வேண்டும். இப்போது வேண்டாம்.

செட்டுக்குப் போன 40 புத்தகத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உங்கள்மேல். விற்கிற சரக்கை எடுத்து ஆர்ட் டிபார்ட்மெண்ட் கையில் ஏன் கொடுத்தீர்கள்? கண்டினியூட்டிக்காக, அதாவது காட்சிக்குக் காட்சி பொருள் இடம் மாறாமல் இருக்க, முதுகில் மார்க்கரால் நம்பர் போடுவார்கள், அலமாரியில் நிற்பதற்காக டபுள் டேப் ஒட்டுவார்கள், டீ கிளாஸை மேலே வைப்பார்கள். செட்டில் நிற்கிறவர், உங்களுக்குத் தெரியாததா? தொலைந்த மூன்றுக்கும் நீங்கள் போட்டிருந்த விலையைச் சொல்லி, புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் இல்லாமல் மெயிலில் எழுதுங்கள். வராவிட்டால் சண்டை வேண்டாம், அந்த வேலையின் மதிப்பு அதைவிடப் பெரிது.

ஆனால் அதிலேயே உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கேமராவுக்குப் புத்தகத்தின் முதுகு மட்டும் போதும், உள்ளே என்ன பதிப்பு என்று அது கேட்பதில்லை. சாக்கில் கிடக்கும் அந்த 600-ல் பாதிக்கு மேல் பழைய சட்டத் தொகுப்புகளாக, வரிசை விட்டுப்போன கலைக்களஞ்சியங்களாக, யாரும் வாங்காத கனமான பைண்டிங்குகளாக இருக்கும். வக்கீல் ஆபீஸ், நீதிபதி வீடு, ஜமீன் பங்களா, டாக்டர் தாத்தா என்று எந்த சீரியலை எடுத்தாலும் பின்னால் ஒரு புத்தக அலமாரி நிற்கிறது. விற்காத அந்தச் சாக்கை விற்க முயலாமல் வாடகைக்கு விடுங்கள். அலமாரித் தட்டு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று பேசுங்கள். ஒரு தாள் ரசீது, எத்தனை புத்தகம் என்ற எண்ணிக்கை, அடுக்கி வைத்து எடுத்த படம், முன்பணம், தொலைந்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரி. அவ்வளவு போதும். ஒரே செட்டு மாதக்கணக்கில் நிற்கிற தொழில் இது. ஒரு தட்டு போனால் அது பல எபிசோடுக்கு அங்கேயே நிற்கும், கண்டினியூட்டிக்காக அதை மாற்றவும் மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் வேலை செய்கிற சீரியலுக்கே கொடுப்பதாக இருந்தால் தயாரிப்பாளர் தரப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, தனி பில் போடுங்கள். "உதவி இயக்குநர் தன் சரக்கையே செட்டில் திணிக்கிறார்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த சீரியல் கிடைப்பது கஷ்டம். மற்ற யூனிட்டுகளுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. உங்கள் ஒப்பந்தத்தில் வெளியே வேறு தொழில் செய்யக்கூடாது என்று ஏதாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒப்பந்தமே கையில் இல்லை என்றால், ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் எப்போதுதான் வேலையை விடுவது? உங்கள் தொழிலிலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது. வங்கி வேலை மாதிரி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை. சீரியல் ஒருநாள் முடியும், அடுத்தது தொடங்கச் சில மாதம் ஆகும். அந்த இடைவெளியை வேலை தேடி அலையாமல் புத்தகம் வாங்குவதற்கு ஒதுக்குங்கள். செட்டிநாட்டுப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் வீடு காலி செய்கிறவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மூடுகிற வாசகசாலைகள் என்று மூன்று மாதம் சுற்றுங்கள். அதில் வாங்கியதை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள். தாத்தாவின் புத்தகம் ஒன்றுகூட அதற்குள் வரக்கூடாது. அந்த நோட்டில் வாடகை வருமானமும் சேர்த்து, தொடர்ந்து ஆறு மாதம் மாதம் 20,000 மிஞ்சினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது என் பதில் வேறாக இருக்கும். அதுவரை சீரியல் பணம்தான் உங்கள் முதல். மாதம் 5,000-ஐ அதிலிருந்து புத்தகம் வாங்க ஒதுக்கினால் போதும், அதற்கு யாருக்கும் வட்டி கட்ட வேண்டாம்.

மாமாவின் 5 லட்சத்தை இப்போது வாங்காதீர்கள். கடை போட்டால் அட்வான்ஸும் வாடகையுமாக அதில் பெரும்பகுதி போய்விடும், சரக்கு வாங்க மிஞ்சுவது கொஞ்சம். உங்கள் வாடிக்கையாளர்கள் போனில்தான் இருக்கிறார்கள், தெருவில் இல்லை. பின்னால் எப்போதாவது பெரிய நூலகம் ஒன்று மொத்தமாக வந்து, அதற்காகக் கடன் வாங்கும் நிலை வந்தால் வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மாமா தந்தாலும் அப்படித்தான். வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் போட அதில் இடமிருக்கிறது. மாமாவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், திருப்பித் தருவதும் வங்கி வழியாகவே இருக்கட்டும்.